நாலு விரற்கடை

பெருமாள்மலைப் பிரிவில் என் பட்டறை.
கேஸ் வெட்டு, வெல்டிங், லாரி பம்பர்.
அதற்கு மேல் எனக்குக் கலை தெரியாது.

மழை விடாத ஓர் ஐப்பசியில் அமலி வந்தாள்,
ஜீப்புக்குப் பின்னே நீட்டிக்கொண்டிருந்தது
பழைய தண்டவாளம்.
"இதை வளைக்கணும். உடையக் கூடாது.
ஆனா உடைஞ்சிடும்னு பாக்கறவங்க பயப்படணும்."

பதினோரு நாள் சூடேற்றினோம்.
ஆறியும் ஆறாத இரும்பின் கீழ்
ஒவ்வொரு முறையும் தோள் கொடுத்துப் பார்ப்பாள்.
வலது காறை எலும்பின் மேல்
பழைய சூடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

இடும்பன் கதை இங்கே யாருக்குத்தான் தெரியாது?
சிவகிரி ஒரு பக்கம், சக்திகிரி ஒரு பக்கம்,
நடுவில் பிரம்மதண்டம், உறிக்கயிறாகப் பாம்புகள்.
நான் கும்பிட்ட இடும்பன்களுக்கெல்லாம் மீசை உண்டு,
பிதுங்கிய கண், தொடையில் ஒரு திமிர்.
அவள் கொட்டகையில் நின்றவற்றில்
முதலில் மீசை போயிருந்தது, பிறகு முகம்.
எழுபத்தொன்பதில் செய்ததற்குக் கைகள் இல்லை.
எண்பத்தாறில் ஆளே இல்லை.

"தூக்கினதை எல்லாரும் செஞ்சாச்சு.
இறக்கி வச்சான் பாருங்க, சும்மா மூச்சு வாங்க,
அப்புறம் தூக்க வரலை.
எனக்கு அந்த இடம் வேணும்."

அப்பா தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர்.
ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள்.
உங்க சாமி இல்லையே என்று ஒருநாள் கேட்டேன்.
"சன்னலைத் திறந்தா கீழே பழனிதான் தெரியும்,
நான் என்ன பண்ண?"
இடும்பன் செத்துக் கிடந்தபோது
முருகனிடம் மன்றாடியவளை ஏன் செய்யவில்லை என்றும் கேட்டேன்.
அதற்குப் பதில் இல்லை. ஸ்பேனர் கேட்டாள்.

பேருந்து நிலையத்துக்கு ஓர் இடும்பன் கேட்டிருந்தது நகராட்சி.
கொண்டுபோய் இறக்கினோம்:
இரண்டு பாறைகள், தரையில்.
பாறைக்கொரு கால் ஊன்றி, மேலே குறுக்காகத் தண்டவாளம்,
கீழே இன்னும் ஒரு தோள் இருப்பதுபோல் வளைந்து.
ஆணையர் இரண்டு முறை சுற்றி வந்தார்.
"மேடம், ஆளு எங்க?"
"இப்பத்தான் போனான்."

முன்பணம் போக மீதி வரவே இல்லை.
திருப்பி எடுத்துப் போன லாரிக்காரன்
கொட்டகை வரை ஏறாது என்று
பூம்பாறை ரோட்டில் ஒரு வளைவில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

பூண்டு வெட்டும் காலம்.
அந்த வழியாக ஜீப்பில் வந்தோம்.
நெற்றிப் பட்டையில் மூட்டை கட்டிய ஒருத்தி
திரும்பி நின்று, முதுகை இரும்பில் சாய்த்து,
பட்டையை அவிழ்க்காமல்
வாயால் ஆவி விட்டுக்கொண்டிருந்தாள்.

அமலி அழுவாள் என்று நினைத்தேன்.
திட்டுவாள் என்றும் நினைத்தேன்.
இறங்கிப் போய், "அப்படியே நில்லு தாயி" என்று
டேப்பை எடுத்துப் பிடரி வரை அளந்தாள்.
குதிகாலைப் பார்த்தாள். தரையில் படவில்லை.
"நாலு விரற்கடை கூட. என் தோளுக்குச் செஞ்சிட்டேன்."

மூட்டைக்காரி கேட்டாள்:
"யாரு நெனவா வச்ச சுமைதாங்கி இது?
புள்ளத்தாச்சியா செத்தவளா?"

பனி ஏறிக்கொண்டிருந்தது.
ஜீப்பின் எஞ்சினை நான் அணைத்தேன்.
"இடும்பி" என்றாள் அமலி.
"எந்த ஊரு?"
"இந்தப் பக்கந்தான்."

மறுநாள் சிலிண்டர் கொண்டுபோய்
இரு காலையும் வெட்டினேன்.
எடுத்த துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் போன பிறகு திண்டுக்கல்லிலிருந்து அண்ணன் மக்கள் வந்து
கொட்டகையை எடைக்குப் போட்டார்கள்.
தேடிப் பார்த்தேன், அந்தத் துண்டுகள் இல்லை.

வடுகபட்டிச் சந்தைக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன்.
மலைப்பூண்டு மூட்டைகள், அடுக்கடுக்காக.
சிலவற்றின் அடியில், கையகலத்துக்கு,
கொஞ்சம் வளைந்த ஒரு துருக்கோடு.
எங்கே பட்டது என்று தரகர் யாரும் கேட்கவில்லை.
விலை சொன்னார்கள்.
நானும் இரண்டு கிலோ வாங்கினேன்.